பெரிய ஃபோம் 3டி விமானம் வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம்

ரிமோட்டில் ஓட்டும் மாதிரி விமானம், மூக்கைத் தூக்கி அந்தரத்தில் நிற்பது போன்ற 3டி சாகசம் செய்வது. ஒன்றே முக்கால் மீட்டர் இறக்கை, 6எஸ் (ஆறு செல்) பேட்டரி, ஆளை அசத்தும் உருவம். இந்த மாதிரி ஃபோம் விமானத்துக்கு அவ்வளவு விலை தகுமா என்று பலர் கேட்கிறார்கள். ஃபோமுக்கு என்றால் தகாது. அச்சில் வார்த்த இபிஓ நுரைக்கு என்ன பெரிய விலை இருந்துவிடப் போகிறது? நாம் கொடுக்கும் காசெல்லாம் உள்ளே இருக்கும் சர்வோ (இறக்கை, வால் மடிப்புகளைத் திருப்பும் குட்டி மோட்டார்), முன்னால் இழுக்கும் மோட்டார், ஈஎஸ்சி (அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), கார்பன் குழாய் ஆகியவற்றுக்குத்தான். எனக்கு விற்றவர் கைவைத்ததும் அங்கேதான்.

விளம்பரத்தில் "முழு மெட்டல் கியர் டிஜிட்டல் சர்வோ" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்தபோது சர்வோ தலையில் பித்தளைப் பல் பளபளவென்றுதான் இருந்தது. ஒருநாள் நைஃப் எட்ஜில், அதாவது ஒரு இறக்கை மேலே நிற்கும்படி சாய்ந்து போய்க்கொண்டிருக்கும்போது, எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) ஒரு பக்கம் அப்படியே நின்றுவிட்டது. நல்ல உயரம் இருந்ததால், மறுபக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எப்படியோ தரைக்குக் கொண்டுவந்தேன். சர்வோவைப் பிரித்தால், வெளியே தெரியும் கடைசிப் பல்சக்கரம் மட்டும் உலோகம்! உள்ளே மற்றதெல்லாம் பிளாஸ்டிக், அதில் ஒன்று பல் உதிர்ந்து கிடந்தது. மிச்ச சர்வோக்களும் அதே கதை. மெதுவாகச் சுற்றிவரும் பயிற்சி விமானத்துக்கு இது தாங்கும். 3டி விமானத்தின் எலிவேட்டர் அகலமானது, 45 டிகிரியும் அதற்கு மேலும் திரும்ப வேண்டியது. அத்தனை காற்றின் தள்ளலும் அந்தச் சின்னப் பற்களில்தான் வந்து விழுகிறது.

அதற்குப் பிறகு எதையும் நம்பத் தோன்றவில்லை. இறக்கைக்குள் செருகும் கறுப்புக் குழாய் "கார்பன்" என்றிருந்தது. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும், கண்ணாடி இழை கடத்தாது. முனைகளில் பூச்சைச் சுரண்டிவிட்டு மல்டிமீட்டரை வைத்தேன். முள் அசையவே இல்லை. கறுப்புச் சாயம் பூசிய கண்ணாடி இழைக்குழாயை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்! அதில் எடை கூடுதல், விறைப்பு குறைவு. டைவிலிருந்து மேலே இழுக்கும்போதெல்லாம் இறக்கை வில்லாக வளைந்தது ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஈஎஸ்சிக்குள் இருக்கும் பிஈசி (சர்வோவுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் தரும் பகுதி) தருவது 5 ஆம்பியர். பெரிய சர்வோக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பளு தூக்கினால் இது பற்றாது. வோல்டேஜ் சரிந்தால், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் அணைந்து எழும், அதற்குள் விமானம் மண்ணில் இருக்கும். எனக்கு அது நடக்கவில்லை, நடக்கும் வரை காத்திருக்கவும் இல்லை. தனி பிஈசி வாங்கி மாட்டினேன்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். முதலில் வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். பிறகு பெட்டியின் படம் கேட்டார்கள். கடைசியில் வந்த பதில்: "3டி சாகசம் செய்ததால் ஏற்பட்ட சேதத்துக்கு வாரண்டி கிடையாது." விமானத்தின் பெயரிலேயே 3டி இருக்கிறது, ஐயா! விளம்பரப் படத்தில் அது மூக்கை வானத்துக்குக் காட்டி ஹோவர் செய்துகொண்டிருக்கிறது.

"பறக்கத் தயார்" என்ற வார்த்தையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ரேடியோ (கையில் பிடிக்கும் ரிமோட்), ரிசீவர், பேட்டரி, சார்ஜர் எதுவும் அந்த விலையில் சேராது. 6எஸ் 5000 எம்ஏஹெச் பேட்டரி சுமார் 111 வாட்-மணி. 3டி ஓட்டினால் ஐந்தாறு நிமிடத்தில் இறக்கியாக வேண்டும், ஆக ஒரு பேட்டரி போதாது. அதை 1சி வேகத்தில், அதாவது சுமார் ஒரு மணி நேரத்தில் நிரம்பும்படி ஏற்றவே சார்ஜர் 126 வாட் வரை தர வேண்டும். வீட்டில் கிடக்கும் 50 வாட் சார்ஜரில் போட்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும்.

உள்ளே இருப்பவை உண்மையானவை என்றால் இந்த விலை நியாயமே. பால்சா மர விமானத்தில் இந்த அளவுக்குப் போனால் செலவு இன்னும் ஏறும், ஒரு மோசமான தரையிறக்கத்தில் எல்லாம் சில்லு சில்லாகும். ஃபோமை ஒட்டிவிட்டு அடுத்த வாரமே பறக்கலாம். அதனால் காசு கட்டும் முன் சர்வோவின் மாடல் எண்ணையும், கியரைத் திறந்த படத்தையும், பிஈசி எத்தனை ஆம்பியர் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். எனக்கு விற்றவரிடம் இப்போது வேறொரு பெயரில் விசாரித்துப் பார்த்தேன். மாடல் எண் கேட்டதும், "ஸ்டாக் கொஞ்சம்தான் இருக்கிறது, சீக்கிரம் முடிவு செய்யுங்கள்" என்று பதில் வந்தது.