பார்சன் பச்சோந்தி: வாங்கியதும் வளர்த்ததும் குஞ்சு பொரித்ததும்

ஜெர்மனியின் ஹாம் நகரம் நம்மவர்களுக்குக் காமாட்சி அம்பாள் கோயிலால் தெரிந்த ஊர். ஊர்வன வளர்ப்பவர்களுக்கு அது டெராரிஸ்டிகா சந்தை கூடும் ஊர். மடகாஸ்கரின் கிழக்கு மழைக்காடுகளைச் சேர்ந்த பார்சன் பச்சோந்தியைப் பல ஆண்டுகளாக வளர்த்து வரும் எனக்கு அந்தச் சந்தை நல்ல பழக்கம். ஆண் பச்சோந்தி வால் நுனி வரை அறுபது சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். விலையும் அதற்கேற்ற விலைதான்.

வாங்க நினைப்பவர்கள் வளர்ப்பில் பிறந்த குட்டியையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மடகாஸ்கர் பச்சோந்திகளில் நான்கு இனங்களைத் தவிர மற்றவற்றின் வணிகம், அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் கீழ் 1995இல் நிறுத்தப்பட்டது. பார்சன் அந்த நான்கில் இல்லை. ஆகவே எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று கையில் இல்லாத பச்சோந்தியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடவே கூடாது. ஜெர்மனியில் வாங்கிய பச்சோந்தியை இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு செய்யவும் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, காட்டில் பிடிபட்டவை பெரும்பாலும் குடற்புழுக்களோடும் உடல் வற்றியும் வந்து சேர்கின்றன. அவற்றில் பல தேறுவதில்லை.

வளர்ப்பில் பலரும் அஞ்சுவது குளிரை. உண்மையில் இந்த இனத்தை வாட்டுவது வெப்பம். முப்பது டிகிரியை எட்டும் கோடை நாட்களில் என் கவனமெல்லாம் கூண்டைக் குளிர்விப்பதிலேயே இருக்கும். இரவில் வெப்பம் நன்றாக இறங்க வேண்டும். தண்ணீரைப் பொறுத்தவரை, சில நொடித் தெளிப்பு எதற்கும் போதாது. தெளிப்பான் நீரைத் தூவத் தொடங்கிச் சற்று நேரம் கழித்துத்தான் என் ஆண் பச்சோந்தி தலையை உயர்த்தி, இலை நுனியில் சொட்டும் நீரை வாயில் ஏந்தி, தொண்டை ஏறி இறங்க நெடுநேரம் குடிக்கும். பாதியில் தெளிப்பானை நிறுத்தினால் அன்றைக்கு அது குடித்தது குறைவுதான். புற ஊதா விளக்கு, கால்சியம் தூவிய வெட்டுக்கிளி, கரப்பான் என்பவை மற்ற பச்சோந்திகளுக்குப் போலவே.

இனப்பெருக்கத்துக்குத் தனிப் பொறுமை வேண்டும். பருவத்துக்கு வரவே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பெண் ஆழமான ஈர மண்ணில் சுரங்கம் தோண்டி முப்பது, நாற்பது முட்டைகள் வரை இடும். அதற்கு இடம் இல்லையென்றால் முட்டைகளை உள்ளேயே அடக்கிக்கொண்டு இறந்தும் போகலாம். முட்டைகளை ஈர வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) வைத்து, இடையில் மடகாஸ்கரின் குளிர்காலத்தைப் போல வெப்பத்தைச் சில வாரங்கள் குறைத்து, பிறகு மெல்ல உயர்த்துகிறேன். குளிர்ந்து மீண்டும் சூடேறிய பிறகே கரு வேகமாக வளரும் என்பது வளர்ப்பவர்கள் பலரும் கண்டது. பொரிவதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் பிடிக்கும். பொரியும் தறுவாயில் ஓட்டின் மேல் வியர்வை போல நீர்த்துளிகள் அரும்பி, முட்டை சற்றே சுருங்கும். பிறகு ஒரு முனையில் நட்சத்திர வடிவில் கீறல் விழுந்து மூக்கு மட்டும் வெளியே தெரியும். அந்நேரத்தில் ஓட்டைப் பிரித்து உதவவே கூடாது. மஞ்சள் கரு முழுவதும் உட்செல்லும் வரை குஞ்சு அப்படியேதான் கிடக்கும்.

நன்றாகத் தின்று எடை கூடும் வரை குட்டிகளை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. கொடுக்கும்போது தாய் தந்தையரின் பதிவுச் சான்றின் நகலும், முட்டைகள் இருந்த காலம் முழுவதற்குமான வெப்பக் குறிப்பேட்டின் நகலும் கூடவே போகும்.