கேஎல் 25 வண்டி, செங்கோட்டை ஓட்டம்: பழைய காரின் வயரிங்கோடு பழகிய அனுபவம்

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பழைய கார் வாங்க நினைப்பவர்கள் மலைக்கு அந்தப் பக்கமும் ஒரு தடவை விசாரித்துவிடுவார்கள். புனலூர், கொட்டாரக்கரை வண்டி என்றால் சர்வீஸ் தவறாமல் பார்த்திருப்பார்கள் என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. நானும் அதை நம்பித்தான் கேஎல் 25, அதாவது புனலூர்ப் பதிவில் 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை முதல் ஓனரிடமிருந்தே வாங்கினேன். இஞ்சினும் கியர்பாக்ஸும் இன்றுவரை அருமை. ஆனால் எந்தப் பழைய வண்டியிலும், கம்பெனியில் போட்ட வயரிங்குக்கு மேலே வெளியில் போட்ட வயரிங் என்று ஒன்று இருக்கும். அது சர்வீஸ் புத்தகத்தில் வராது. வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

வாங்கியதும் இஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட் மாற்றியது எல்லோரும் செய்வதுதான். அதோடு பிரேக் ஆயிலையும் கட்டாயம் மாற்றச் சொல்லுவேன். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஆயிலின் கொதிநிலை குறைந்துவிடும். ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு எஸ் வளைவு வழியாக இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறோம். அந்தச் சூட்டில் ஆயில் கொதித்தால் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் அந்தப் பயமில்லை. டயரின் பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளுக்குப் பின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 3217 என்றால் 2017ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. பட்டன், அதாவது தரையில் படும் வெட்டு, நன்றாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

இனி பேட்டரி. இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் மூன்றாம் நாள் செல்ஃப் அடிக்காது. டக் டக் என்று சத்தம் மட்டும் வரும். காட்டிய இடங்களில் எல்லாம் புது பேட்டரி போடச் சொன்னார்கள். பணத்தை எடுக்குமுன் மல்டிமீட்டரை எடுத்தேன். ராத்திரி முழுக்க நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் 12.6 வோல்ட், அப்படியே நிற்கிறது. இஞ்சின் ஓடும்போது 14.1. அதாவது பேட்டரியும் தப்பில்லை, டைனமோவும் தப்பில்லை. வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைத் தின்கிறது.

அதைப் பிடிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு வேண்டியது ஒரு மீட்டரும் பொறுமையும்தான். சாவியை எடுத்துவிட்டு, கதவு லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, கதவு மூடியதாக வண்டியை நம்ப வையுங்கள். இல்லாவிட்டால் உள் விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றி, நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அந்த நிலையில் செல்ஃப் அடிக்கவே கூடாது, மீட்டர் போய்விடும். கம்ப்யூட்டர் பெட்டிகள் உறங்க அரை மணி நேரமாவது விடுங்கள். அதன் பிறகு 50 மில்லி ஆம்புக்குள் காட்டினால் வண்டி சுகம். என் வண்டியில் 380 நின்றது. 35 ஆம்பியர் மணி பேட்டரியை அது நான்கு நாளில் முழுக்க வற்ற வைக்கும். பாதி வற்றினாலே செல்ஃப் திணறும் என்பதால், இரண்டு நாள் கணக்கு அச்சாகப் பொருந்தியது.

பிறகு ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவி மீட்டரைப் பார்க்க வேண்டும். மியூசிக் சிஸ்டம் ஃப்யூஸை எடுத்ததும் எண் சடாரென்று விழுந்தது. டேஷ்போர்டைக் கழற்றினால், வெளியில் வாங்கி மாட்டிய செட். அதில் மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் வரும் லைன், சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் வரும் லைன். யாரோ இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். செட் ஒருநாளும் உறங்கியதே இல்லை. பிரித்து, சிவப்பை உரிய லைனில் ஈயம் வைத்துச் சேர்த்தபின் 20 மில்லி ஆம்ப். பழைய பேட்டரியே இன்னும் ஓடுகிறது.

அடுத்தது எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. ராத்திரியில் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கும், ஏசி போட்டால் ஹெட்லைட் சோரும். இதற்கு மட்டும் செங்கோட்டையில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் போனேன். "போன கரண்ட்டு திரும்பி வர வழி வேண்டாமா தம்பி? மொதல்ல எர்த்தைப் பாப்போம்" என்றார். மீட்டரின் ஒரு முனையை இஞ்சின் இரும்பிலும் இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். 0.9 வோல்ட் காட்டியது. "நல்ல வண்டியில பாயிண்ட் ரெண்டுக்குக் கீழ நிக்கணும் பாத்துக்கிடுங்க." இஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையின் அடியில் பச்சைத் துரு. பின் விளக்குகளின் எர்த் போல்ட்டிலும் அதே துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முறுக்கி, மேலே வாசலின் தடவினோம். பார்ட் செலவு ஏதுமில்லை. அந்த மனிதர் கேட்ட கூலி குறைவு. கூடக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஹெட்லைட்டில் இன்னொரு விஷயம். எச்4 பல்புக்குக் கம்பெனி வயரிங் தாங்குவது 60/55 வாட்டுக்கு, அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. முன்பு ஓட்டியவர் 100/90 போட்டிருந்தார், பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்கும் தனி ரிலே இல்லாமல். 5 ஆம்ப் ஓட வேண்டிய இடத்தில் 8 ஆம்புக்கு மேல் ஓடி, ஹோல்டர் உருகியிருந்தது. மலைப்பாதையில் பனியும் சாரலும் இருக்கும்போது வாட்டைக் கூட்டுவதால் பெரிதாகத் தெரியப்போவதில்லை. லைட்டின் உயரத்தைச் சரியாக இறக்கி வைத்ததும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

தென்மலைப் பக்கம் ஜூன், ஜூலையில் மழை பிடித்தால் விடாது. வைப்பருக்குக் கீழே இருக்கும் தண்ணீர் போகும் ஓட்டையில் இலை அடைத்தால், தண்ணீர் வண்டிக்குள் இறங்கிக் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். அங்கேதான் கனெக்டர்கள் போகின்றன. பழைய கார் பார்க்கப் போனால் கார்ப்பெட்டைத் தூக்கி உள்ளே கையை வைத்துப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். மக்கிய வாடை அடித்தால் விலையைக் குறைத்தாலும் வேண்டாம்.

கேரளப் பதிவு வண்டி என்றால் படிவம் 28இல் தடையில்லாச் சான்று கையில் வந்தபின் முழுப் பணம் கொடுங்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். இங்கே கட்ட வேண்டிய வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போது பாக்கி இருப்பது டிக்கி கதவுக்குப் போகும் வயர்கள். கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் மடங்கி மடங்கி ஒன்று அறுந்திருக்கிறது. நம்பர் பிளேட் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. ஐப்பசி மழை தொடங்குமுன் அதைப் பிரித்துச் சேர்க்க வேண்டும்.