கலையும் நாட்டில் இரண்டாம் பிரிவு: சோவியத் 1991, யூகோஸ்லாவியா 1991–92

இரண்டு நாடுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உடைந்தபோதிலும், அவற்றின் இரண்டாம் பிரிவுக் கால்பந்துப் பருவங்கள் கலைந்த விதம் வேறு. சோவியத் முதல் லீக் (பெயர்தான் 'முதல்', தகுதியில் அது உச்ச லீக்குக்கு அடுத்த படி) 22 அணிகளுடன் தொடங்கி, டிசம்பர் 1991-இல் ஒன்றியம் மறைவதற்கு முன்பே முறையாக நிறைவடைந்தது. முதலிடம் பெற்ற வோல்கோகிராத் ரோத்தோர் அடுத்த ஆண்டு புதிய ரஷ்ய உச்சப் பிரிவில் இடம்பெற்றது. ஆனால் இரண்டாமிடம் பெற்ற திராஸ்போல் திலிகுல், தான் ஏறவேண்டிய படியே இல்லாமற்போனதால், புதிதாகப் பிறந்த மால்டோவா லீக்கில் ஆடவேண்டியதாயிற்று. என் பார்வையில், அந்தப் பருவத்தின் மிகக் கசப்பான வெற்றி இதுவே.

யூகோஸ்லாவியாவிலோ சிதைவு பருவம் தொடங்குமுன்பே உள்ளே புகுந்துவிட்டது. 25 ஜூன் 1991 அன்று ஸ்லோவேனியாவும் குரோவாசியாவும் விடுதலையை அறிவித்ததும், அவற்றின் கழகங்கள் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் விலகித் தத்தம் நாட்டு லீக்குகளுக்குச் சென்றன. ஏப்ரல் 1992-இல் போஸ்னியாவிலும் போர் மூண்டபின், அங்குள்ள மைதானங்களில் ஆட்டம் நடத்துவதே இயலாததாயிற்று. சோவியத் அட்டவணை முழுமையானது, அதன் பரிசுதான் மறைந்தது. யூகோஸ்லாவிய அட்டவணையோ, யார் ஆடவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டிய ஒன்று.