"25 வருட பீட்டட் விஸ்கி டேஸ்டிங்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள்: கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி நண்பர்களுக்கு

கிருஷ்ணகிரி, ஓசூர், காவேரிப்பட்டணம், ராயக்கோட்டை பக்கம் இருப்பவர்களில் சிங்கிள் மால்ட் விஸ்கியில் (ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்தது) ஆர்வம் உள்ளவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். "நல்லா வயசான பீட்டட் சிங்கிள் மால்ட் டேஸ்டிங்" (பீட்டட் என்றால் பீட் என்ற மட்கிய மண்ணை எரித்த புகை மணம் ஏறியது) என்று சொல்லி மாந்தோப்புப் பண்ணை வீட்டில் கூட்டம் போட்டு, தலைக்கு 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது ஒரு பாட்டிலையும் தலையில் கட்டி அனுப்பும் வேலை நம் பகுதியில் நடக்கிறது. நானும் நண்பர்களும் பணம் கட்டித்தான் போனோம். அங்கே ஊற்றிய எதுவும் அவர்கள் சொன்ன சரக்கு இல்லை.

நடத்துகிறவரின் பெயரையும் இடத்தையும் இங்கே எழுதவில்லை, புகார் கொடுத்திருக்கிறோம், அது தனியாகப் போகட்டும். ஆனால் ஏமாற்றும் முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான், ஆள் மாறினாலும் இதே பேச்சுதான் பேசுவார்கள். அதனால் அந்தப் பேச்சில் எது எது பொய் என்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

அழைப்பு வாட்ஸ்அப் குழு வழியாக வந்தது. தெரிந்தவருக்குத் தெரிந்தவர், பெங்களூரு ஏர்போர்ட்டில் ஆள் இருக்கிறது, எல்லாம் டியூட்டி ஃப்ரீ சரக்கு, வெளியே லட்சக்கணக்கில் விலை, நமக்கு மட்டும் இந்த விலை, இப்படி. ஒரு விஷயம் முதலிலேயே: வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பயணி வரி இல்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர்தான், அதுவும் சொந்த உபயோகத்துக்கு, விற்க இல்லை. அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக ஒருவரிடம் "டியூட்டி ஃப்ரீ" இருக்கிறது என்றாலே அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

போய் உட்கார்ந்தபோது கிளாஸ்களில் முன்கூட்டியே ஐஸ் போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் கொசுவர்த்திச் சுருள், மூலையில் சாம்பிராணி, மேஜையில் சுடச்சுட மிளகுக் கோழி. வாசனையை அனுபவிக்கக் கூப்பிட்ட இடத்தில் மூக்கை அடைக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இருந்தது. நான் ஐஸ் இல்லாமல் வேறு கிளாஸ் கேட்டேன். "அண்ணா, இது அப்படிக் குடிக்கிற சரக்கு இல்லை, ஒரே மடக்கில் போட்டால்தான் புகை ஏறும்" என்றார் ஊற்றிக்கொண்டிருந்த தம்பி. கொஞ்சம் தண்ணீர் கேட்டதற்கு, தண்ணீர் ஊற்றுவது அந்த விஸ்கிக்கே அவமரியாதை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மற்றவர்கள் அதை நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள், அதில் பலருக்கு வாழ்க்கையில் முதல் பீட்டட் விஸ்கி அதுதான். எனக்குக் கோபம் வந்தது முக்கியமாக அதனால்தான்.

நான் சில காலம் கிளாஸ்கோவில் வேலை பார்த்தவன். பீட்டட் விஸ்கிக்குப் பேர்போன ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்குப் போயிருக்கிறேன், போர்ட் எலன் ஊரிலிருந்து கடலோரமாக நடந்தாலே லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் என்று மூன்று டிஸ்டிலரிகள் அடுத்தடுத்து வரும். அங்கே ஒரு முதியவர் சொல்லிக் கொடுத்த முறை இது: ஐஸ் வேண்டாம், அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ், ஊற்றிவிட்டுச் சில நிமிடம் சும்மா விட வேண்டும். பிறகு மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயை லேசாகத் திறந்தபடி விளிம்பில் வைத்து முகர வேண்டும். அப்போது ஆல்கஹால் மூக்கைச் சுடாது. ஒரு சின்ன மிடறு, நாக்கு முழுக்கப் பரவ விட்டு விழுங்க வேண்டும். அப்புறம் சில சொட்டுத் தண்ணீர். மறுபடி முகர்ந்தால் வேறு ஒரு விஸ்கி மாதிரி இருக்கும். இது அவமரியாதை இல்லை. 2017-ல் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல்ஸன், ஃப்ரீட்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கணினி மாதிரி வைத்து இதை ஆராய்ந்தார்கள். புகை மணம் தரும் குவாயகால் என்ற பொருள், ஆல்கஹால் அளவு அதிகமாக இருக்கும்போது திரவத்துக்குள்ளேயே ஆல்கஹாலோடு கலந்து கிடக்கிறது, தண்ணீர் சேர்ந்து அளவு இறங்கும்போது மேற்பரப்புக்கு வருகிறது என்றார்கள். அதாவது உண்மையான பீட்டட் விஸ்கிக்குத் தண்ணீரைக் கண்டு பயமே இல்லை.

இனி அந்தக் கூட்டத்தில் சொன்ன பெரிய பொய். "வயசு ஏற ஏறப் புகை ஏறும், பத்து வருட சரக்கில் இவ்வளவு புகை என்றால் 25 வருட சரக்கில் பாருங்க." இது தலைகீழ். ஐலாவில் சதுப்பு நிலத்தில் பாசியும் செடிகொடியும் ஆயிரக்கணக்கான வருடம் மட்கிக் கிடந்து உருவாவதுதான் பீட். அதை வெட்டிக் காயவைத்து எரிக்கும் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்துவார்கள், அப்போது படியும் பினால் என்ற பொருள்கள்தான் அந்த மணத்துக்குக் காரணம். பார்லியில் அதை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் அளப்பார்கள், லாகவூலின் 35 அளவில், லஃப்ராய்க் 40 முதல் 45, ஆர்ட்பெக் 55. இந்த எண் பார்லிக்கு உள்ளது. வடிக்கும்போதே அதில் பாதிக்கு மேல் போய்விடும், பீப்பாயில் இருக்கும் வருடங்களில் இன்னும் குறையும். புகை பின்வாங்கப் பின்வாங்க மரத்தின் குணமும் பழத்தின் குணமும் முன்னால் வரும். லாகவூலின் 16 முகர்ந்தால் முதலில் டிங்சர் அயோடின், கடல் உப்பு, ஈர மண், அதற்குப் பின்னால் உலர்திராட்சை, லேசான தார். 25 வருடம் தாண்டிய ஒன்றை ஒரே ஒரு சின்ன அளவு குடித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதில் பழமும் மெழுகும் பழைய தோல் பையின் மணமும்தான் முன்னால், புகை கடைசியில் தொண்டையில் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் போகாமல் இருந்தது. ஒரு மிடறுக்குக் கால் மணி நேரம் பேசலாம். அந்த நிதானத்துக்காகத்தான் மனிதர்கள் அவ்வளவு விலை கொடுக்கிறார்கள்.

அந்தப் பண்ணை வீட்டில் ஊற்றியதில் புகை மூக்கில் வந்து அறைந்தது. பார்பிக்யூ கடைகளில் ஊற்றும் ஸ்மோக் எசன்ஸ் நெடி. அயோடின் இல்லை, உப்பு இல்லை, மண் இல்லை. விழுங்கியதும் புகை மொத்தமாகக் காணாமல் போய், மிச்சம் இருந்தது நாக்கில் ஒட்டும் சர்க்கரையும் பச்சை ஸ்பிரிட் எரிச்சலும். கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, தோல் மஞ்சள், கொட்டைப் பக்கம் புளிப்பு; அதே கதை. நம் நாட்டில் மலிவாக விற்கும் பல விஸ்கிகள் கரும்புச் சர்க்கரைப்பாகு ஸ்பிரிட்டில் செய்தவை. அதில் எசன்ஸ் கலந்தால் புகை வந்துவிடும். வயசு வராது.

இரண்டாவது பொய், "இது பத்து வருட லஃப்ராய்க், ஆனால் என் சித்தப்பா 2000-ல் வாங்கி அலமாரியில் வைத்தது, இப்போது கணக்குப் போட்டால் 35 வருடம் ஆச்சு." விஸ்கிக்கு வயசு ஏறுவது மரப் பீப்பாயில் மட்டும்தான். கண்ணாடி பாட்டிலில் அடைத்த நிமிடமே அந்தக் கடிகாரம் நின்றுவிடும். 2000-ல் வாங்கிய பத்து வருட பாட்டில் இன்றைக்கும் பத்து வருட விஸ்கிதான். லேபிளில் இருக்கும் வருடம், உள்ளே கலந்திருப்பதில் மிக இளையதின் வயசு. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்தாலே பாதி ஏமாற்று வேலை செல்லாது.

மூன்றாவதாக "பெங்களூரில் செய்த 25 வருட பீட்டட், கம்பெனிக்காரர்களுக்கு மட்டும்" என்று லேபிளே இல்லாத ஒரு பாட்டில். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரு வெயிலில் அது 10 சதவீதத்துக்கும் மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு லிட்டரில் 25 வருடம் கழித்து அங்கே 60 லிட்டர் இருக்கும், இங்கே ஏழு லிட்டர்கூடத் தேறாது. பெங்களூருவின் அம்ருத் 2004-ல் கிளாஸ்கோவிலேயே தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகப்படுத்திப் பேர் வாங்கியது, அதன் பீட்டட் வகையும் அருமையானது, லேபிளோடு சட்டப்படி விற்கிறது. நம் வெயிலில் விஸ்கி சீக்கிரம் முதிர்வதால் அது சின்ன வயசிலேயே நன்றாக இருக்கும், 25 என்று பொய் சொல்லத் தேவையே இல்லை.

என் நண்பர் ஒருவர் 14,000 ரூபாய் கொடுத்து "25 வருட ஐலா" பாட்டில் ஒன்று வாங்கியிருந்தார். விலையே சொல்லும்: உண்மையான 25 வருட ஐலா விஸ்கி அந்த நாட்டுக் கடையிலேயே பல நூறு பவுண்ட். பில் கேட்டதற்கு "பில் போட்டால் வரி வரும் அண்ணா" என்றார்களாம். வீட்டில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். மூடி மேல் இருந்த தாளின் ஓரத்தில் பசை பிதுங்கியிருந்தது, கார்க் ஏற்கெனவே பலமுறை திறந்து மூடியது போல் தேய்ந்திருந்தது. முன் லேபிள் பழைய அசல். பின் லேபிள் வேறு ஏதோ பாட்டிலில் இருந்து உரித்து ஒட்டியது, அதில் ஆல்கஹால் அளவு 42.8 சதவீதம், பாட்டிலில் அடைத்த இடம் இந்தியாவில் ஒரு முகவரி. 42.8 நம் ஊர் விஸ்கிகளின் வழக்கமான அளவு. அதைவிட முக்கியம், சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் என்றால் 2012 நவம்பரிலிருந்து ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்திருக்க வேண்டும், அது அவர்கள் நாட்டுச் சட்டம். ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் ஊற்றி இரவு முழுக்க விட்டோம். காலையில் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும் பாகு. ஸ்காட்ச்சில் தண்ணீரும் நிறத்துக்காகச் சாதாரண கேரமலும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது, சர்க்கரை சேர்க்கவே கூடாது.

அந்த இரவு இன்னொன்றையும் கவனித்தேன். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் காலிப் பாட்டில், கார்க், அட்டை உறை எல்லாவற்றையும் ஒரு பையன் துணியால் துடைத்து ஜோடி சேர்த்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். குப்பைக்குப் போகிற பாட்டிலை யாரும் அப்படித் துடைக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் நல்ல மால்ட் பாட்டில் காலியானால் பழைய இரும்புக்காரரிடம் முழுசாகப் போடாதீர்கள், லேபிளைக் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

சந்தேகமான பாட்டில் கையில் இருந்தால் அதைக் குடித்துச் சோதிக்க வேண்டாம். நாங்கள் அந்தப் பாட்டிலை முகர்ந்ததோடு சரி. மெத்தனால் கலந்திருந்தால் மணத்திலோ ருசியிலோ தெரியாது, கண் பார்வை போகும், உயிரும் போகும். 2008 மே மாதம் பெங்களூரு பக்கமும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் கள்ளச்சாராயத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். அசல் லேபிள் ஒட்டியிருப்பதால் உள்ளே இருப்பது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. குடித்த பிறகு பார்வை மங்கினாலோ, வயிற்றுவலி, வாந்தி வந்தாலோ காலை வரை காத்திருக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், என்ன குடித்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் "உங்களுக்கு இன்னும் நாக்குப் பழகவில்லை" என்றார்கள், லேபிள் போட்டோவை அனுப்பியதும் எல்லார் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள். பில் இல்லாததால் நுகர்வோர் நீதிமன்றத்தில் வாதாடுவது சிரமம், ஆனால் உரிமம் இல்லாமல் காசு வாங்கி மது ஊற்றுவதே தமிழ்நாட்டில் குற்றம். மதுவிலக்கு அமலாக்கப் பிரிவில் பாட்டிலோடும் ஜிபே ரசீதோடும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். உங்களிடமும் அதே மாதிரி பாட்டில் இருந்தால் திறக்காமல், பணம் அனுப்பிய விவரத்தை அழிக்காமல் வைத்திருங்கள், எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள், சேர்ந்து கொடுத்தால் புகாருக்குக் கனம் கூடும்.

வாங்கிக் குடிக்க ஆசை இருந்தால் டாஸ்மாக் எலைட் கடையில் ஹாலோகிராம் ஸ்டிக்கரும், இறக்குமதி செய்தவர் பெயரும், விலையும் அச்சடித்த பாட்டிலாக வாங்குங்கள். எல்லா மால்ட்டும் அங்கே கிடைக்காது, கிடைக்கிற பத்து வருடப் பீட்டட் ஒன்றே போதும், அதையே நான்கு பேர் பகிர்ந்து நிதானமாக முகர்ந்து பாருங்கள், அசல் எப்படி இருக்கும் என்று மூக்குக்குத் தெரிந்துவிடும். கர்நாடகாவில் வாங்கி ஜூஜூவாடி வழியாகக் கொண்டுவரும் யோசனை வேண்டாம், பிடித்தால் வழக்கு உங்கள் மேல்தான்.

அடுத்த கூட்டம் பாலக்கோடு பக்கம் என்று ஒரு நண்பர் மூலம் கேள்விப்பட்டேன், இந்த முறை "30 வருடம்" என்று சொல்கிறார்களாம், பாதிப் பணம் முன்பணமாம். தருமபுரி குழுக்களில் இருப்பவர்கள் இதை அங்கே பகிருங்கள்.