காகத்தையும் எண்ணச் சொல்லும் செயலி: ஈபேர்ட் குறித்து ஒரு மதிப்பீடு

பறவை பார்க்கப் போகிறவர்கள் தாம் கண்டதைப் பிறருடன் பகிர்ந்துகொள்ள இன்று வழிகளுக்குக் குறைவே இல்லை. வாட்ஸ்அப் குழுக்களிலும் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நாள்தோறும் நல்ல படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் அங்கே இடம்பிடிப்பவை பெரும்பாலும் பூநாரைக் கூட்டமும் ஆறுமணிக் குருவியும் ஏதேனும் ஒரு கழுகும்தான். வீட்டு முருங்கையில் வந்தமர்ந்த தையல்சிட்டையும் மின்கம்பியில் வாலாட்டிக்கொண்டிருந்த கரிச்சானையும் எவரும் பெரிதாகப் பதிவிடுவதில்லை. கண்ட பறவைகளைப் பட்டியலிட்டுப் பதிவுசெய்ய உதவும் ஈபேர்ட் செயலி மற்றவற்றிலிருந்து விலகி நிற்பது இந்த இடத்தில்தான். வால்பாறைக் காட்டில் கண்ட இருவாச்சிக்குத் தரும் அதே வரியை அது மொட்டைமாடியில் கண்ட காகத்துக்கும் தருகிறது. சில ஆண்டுகளாக இதை அன்றாடம் பயன்படுத்தி வரும் எனக்கு, இதன் மற்ற எல்லாச் சிறப்புகளையும்விட இந்த ஒன்றே பெரிதாகத் தெரிகிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கமும் இணைந்து 2002இல் ஈபேர்டைத் தொடங்கின. 2010இல் அது உலகம் முழுவதற்கும் திறந்துவிடப்பட்டது. கட்டணம் கிடையாது, விளம்பரமும் கிடையாது. இந்தியாவில் பேர்ட் கவுண்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு இதன் பயன்பாட்டை ஊர் ஊராகக் கொண்டு சென்று வருகிறது. கைப்பேசிச் செயலியில் நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத காட்டிலும் தடையின்றிப் பட்டியல் எழுதலாம். ஊருக்குத் திரும்பி இணையம் கிடைத்த பிறகு அனுப்பினால் போதும்.

பட்டியல் எழுதுவது எப்படி நடக்கிறது என்பதை ஓர் இடத்தை வைத்துச் சொல்வது எளிது. சென்னையில் மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் சாலையோரம் பெரும்பாக்கம் ஈரநிலம் இருக்கிறது. குளிர்காலக் காலையில் அந்தச் சாலையோரத்தில் இருநோக்கியுடன் நிற்பவர்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கே நின்று பட்டியலைத் தொடங்கியவுடன் நேரம் ஓடத் தொடங்குகிறது. நடந்தால் நாம் கடந்த தூரத்தைச் செயலி தானே அளந்துகொள்கிறது. பெயருக்கு அருகிலுள்ள கூட்டல் குறியை ஒருமுறை தொட்டால் ஒரு பறவை கூடுகிறது. நாமக்கோழிகள் கூட்டமாக மிதக்கும்போது அப்படித் தொட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால், எண்ணையும் பெயரின் முதல் சில எழுத்துகளையும் சேர்த்துத் தட்டினால் அதற்குரிய வரி மேலே வந்துவிடுகிறது. இந்த வசதிக்குப் பழகிவிட்டால் கண் நீரிலேயே இருக்கும், விரல் மட்டும் வேலை செய்யும். அந்த இடத்தில் அந்தப் பருவத்தில் அவ்வளவாகத் தென்படாத பறவை என்றால் பெயருக்கு அருகில் பாதி நிரம்பிய ஆரஞ்சு வட்டமும், அரிதானது என்றால் சிவப்பு வட்டமும் தெரியும். சிவப்பு வட்டமுள்ள பறவையைச் சேர்க்கும்போது, எதைக் கண்டு அதை அடையாளம் கண்டோம் என்று இரண்டு வரி எழுத வேண்டும்.

பட்டியலை முடிக்கும் இடத்தில், உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீர்களா என்று செயலி ஒரு கேள்வி கேட்கிறது. புதிதாக வருகிறவர்கள் இதை ஒரு சடங்காக எண்ணிக் கடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஈபேர்டின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒருவர் பெரும்பாக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பூநாரையை மட்டும் குறித்தால், அன்று அங்கே பூநாரை இருந்தது என்பதற்கு மேல் அந்தப் பதிவிலிருந்து எதையும் அறிய முடியாது. அதே ஒரு மணி நேரத்தில் அவர் கண்ட காகம், மைனா, மடையான், நீலத் தாழைக்கோழி, பவளக்காலி என எல்லாவற்றையும் குறித்து அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லியிருந்தால், பட்டியலில் இல்லாத பறவைகள் அன்று அவர் கண்ணில் படவில்லை என்ற செய்தியும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது. இப்படிப்பட்ட முழுப் பட்டியல்கள் ஆயிரக்கணக்கில் சேரும்போது, ஒரு பறவை நூற்றுக்கு எத்தனை பட்டியல்களில் இடம்பெறுகிறது என்று ஆண்டுவாரியாகக் கணக்கிட்டு அது பெருகுகிறதா அருகுகிறதா என்று ஆய்வாளர்களால் சொல்ல முடிகிறது. ஆகவே காகத்தை எண்ணாமல் விடுகிறவர் ஒரு பறவையை மட்டும் விடுவதில்லை. தம் பட்டியலின் பெரும்பயனையே விட்டுவிடுகிறார்.

தெரியாததைத் தெரியாது என்றே எழுத இடம் தந்திருப்பதும் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. தொலைவில் சேற்றில் ஓடும் சிறிய உள்ளான்களை அனுபவசாலிகளாலும் சில நேரங்களில் பிரித்தறிய முடியாது. அப்போது இனப்பெயரை ஊகித்து எழுதத் தேவையில்லை. உள்ளான் வகை என்று மட்டும் குறிக்கலாம், அல்லது இந்த இரண்டில் ஒன்று என்று குறிக்கலாம். எண்ணிக்கை தெரியாவிட்டால் எண்ணுக்குப் பதிலாக எக்ஸ் என்ற எழுத்தை இடலாம். ஆனாலும் கூட்டத்தில் பத்துப் பத்தாக எண்ணிப் பழகி ஒரு மதிப்பீட்டை எழுதுவதே மேல் என்பேன், ஏனெனில் இருந்தது என்ற செய்தியைவிட ஏறக்குறைய முந்நூறு இருந்தன என்ற செய்தி பன்மடங்கு பயனுள்ளது.

சமூகம் என்று பார்த்தால் ஈபேர்ட் பேச்சு குறைந்த இடம். பின்னூட்டமோ விருப்பக்குறியோ அரட்டையோ இங்கே இல்லை. ஐந்து பேர் சேர்ந்து ஏரிக்குப் போனால் ஒருவர் பட்டியல் எழுதுகிறார். திரும்பும்போது மற்ற நால்வருக்கும் பகிர்கிறார். ஒவ்வொருவரும் அதை ஏற்றுக்கொண்டு, தாம் காணாத பறவையைத் தம் பிரதியிலிருந்து நீக்கிக்கொள்ளலாம், தாம் மட்டும் கண்டதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து பேரும் தனித்தனியே எழுதினால் ஒரே கொக்கு ஐந்து முறை எண்ணப்படும் அல்லவா? பகிர்ந்த பட்டியலில் அந்தக் குழப்பம் நேர்வதில்லை. எங்கள் குழுவில் கல்லூரி மாணவர்களும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியரும் உண்டு. தேநீர்க்கடையில் நின்றபடி, “சார், அந்த வல்லூற நீங்க மட்டும்தான் பாத்தீங்க, எங்க லிஸ்ட்ல இருந்து எடுத்துடறோம்” என்று ஒரு மாணவி சொல்ல, “எடுத்துடும்மா, அடுத்த வாரம் உனக்கும் காட்டறேன்” என்று அவர் பதில் சொல்வார். தான் காணாததைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற ஒழுக்கத்தை இந்தச் சிறிய வசதி இயல்பாகவே பழக்கிவிடுகிறது.

நாம் நேரில் அறியாத இன்னொரு வட்டமும் இதற்குப் பின்னால் இயங்குகிறது. பருவத்துக்கோ இடத்துக்கோ பொருந்தாத பதிவுகளை வட்டாரப் பறவைகளை நன்கறிந்த தன்னார்வலர்கள் சரிபார்க்கிறார்கள். வலசை வாத்துகள் திரும்பிப் போய்விட்ட மே மாதக் கடைசியில் ஒற்றைத் தட்டைவாயன் ஒன்றைப் பட்டியலில் குறித்தபோது, படம் இருந்தால் இணைக்க முடியுமா, இல்லையென்றால் அலகின் வடிவத்தையாவது விவரிக்க முடியுமா என்று கேட்டு எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஐயத்தைச் சொன்ன விதத்தில் அவ்வளவு பண்பு இருந்தது. படத்தை இணைத்ததும் பதிவு ஏற்கப்பட்டது. ஊதியமின்றி, இரவு நேரங்களில் அமர்ந்து பிறருடைய பட்டியல்களைப் படிக்கும் இவர்களுடைய உழைப்பு இல்லாமல் இந்தத் தரவை எவரும் நம்ப முடியாது.

அந்த நம்பிக்கை வீண் போகவில்லை என்பதற்குச் சான்றாக இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2020, 2023 ஆண்டுகளின் அறிக்கைகளைச் சொல்லலாம். இரண்டாவது அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் ஈபேர்டில் சேர்த்த 3 கோடிக்கும் அதிகமான பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டு, அவற்றில் 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று வகைப்படுத்தியது. சிட்டுக்குருவியைப் பற்றி நம் ஊரில் எத்தனை விதமாகப் பேசுகிறோம்! கைப்பேசிக் கோபுரங்களால் அது அழிந்தே போய்விட்டது என்று மேடைதோறும் சொல்லப்பட்டு வந்த நிலையில், நாடு முழுவதும் பார்த்தால் அதன் நிலை பெரிதாக மாறவில்லை என்றும், பெருநகரங்களில்தான் அது குறைந்து வருகிறது என்றும் 2020 அறிக்கை காட்டியது. மயில் பெருகியிருக்கிறது என்பதும் இந்த அறிக்கைகளில் வருகிறது. கொங்குப் பகுதி விவசாயிகளுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது. யாரோ ஒருவர் அலுவலகம் கிளம்பும் முன் மாடியில் கால்மணி நேரம் நின்று எழுதிய பட்டியல்களும் இந்த முடிவுகளுக்குள் இருக்கின்றன.

குறைகளும் உண்டு. எனக்கு உள்ளபடியே கவலை தருவது தரவரிசைப் பட்டியல். மாவட்டவாரியாகவும் மாநிலவாரியாகவும் யார் எத்தனை இனம் பார்த்திருக்கிறார்கள் என்று முதல் 100 பேரை ஈபேர்ட் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. தொடக்க காலத்தில் மந்தமாக இருந்த இத்தளம், பறவை ஆர்வலர்களுக்குத் தங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் வசதிகளைத் தந்த பிறகுதான் வேகமாக வளர்ந்தது என்பதால், அதன் தேவை எனக்குப் புரிகிறது. ஆயினும் அரிய பறவை ஒன்று வந்திருக்கிறது என்று செய்தி பரவியவுடன் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வதற்காகவே வண்டி எடுத்துக்கொண்டு ஓடி, அந்த ஒரு பறவையை மட்டும் குறித்துத் திரும்பும் பழக்கத்தை இந்த வரிசை வளர்க்கிறது. அன்றாடத்தை மதிக்கும் ஒரு செயலிக்கு இது பொருந்தவில்லை. பட்டியல் எழுதிய நாட்களையும் இடங்களையும் முன்னிறுத்தும் அளவீடுகள் முகப்பில் வந்தால் மிக நன்றாக இருக்கும்.

இன்னொன்று பாதுகாப்பு பற்றியது, குறிப்பாகப் பெண்களும் மாணவர்களும் கவனிக்க வேண்டியது. பட்டியல்கள் பொதுவில் தெரிகின்றன. வீட்டு மாடியில் நாள்தோறும் எழுதினால் வீடு இருக்கும் இடமும் எந்த நேரத்தில் நாம் அங்கே இருக்கிறோம் என்பதும் எவருக்கும் தெரியக்கூடும். வரைபடப் புள்ளியைத் தெருமுனைக்கு நகர்த்தி, இடத்துக்குப் பொதுவான பெயர் வைத்துக்கொள்வது நல்லது. கணக்கு அமைப்பில் பெயரை மறைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. வேட்டைக்கோ தொந்தரவுக்கோ ஆளாகக்கூடிய சில பறவை இனங்களின் இருப்பிடத்தை ஈபேர்ட் தானாகவே மறைத்துவிடுகிறது. பறவைக்குத் தரும் இந்தக் காப்பைப் பயனருக்கும் தொடக்கத்திலேயே எடுத்துச் சொல்லியிருக்கலாம். பயணப் பாதையைப் பதிவுசெய்யும்போது ஜி.பி.எஸ். பேட்டரியை உறிஞ்சுவதால் நீண்ட நடைக்குப் பவர் பேங்க் தேவைப்படும்.

பறவைகளை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியும் கார்னெல் ஆய்வகம் தருவதுதான், அதுவும் இலவசம். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி அதில் 2021இல் வந்தது. குக்குறுவானின் ஒரே தாளத்திலான கூவலை அது நொடியில் பிடித்துவிடுகிறது. மெல்லிய குரல் கொண்ட கதிர்க்குருவிகளிடம் சில நேரம் தடுமாறுகிறது. மெர்லின் ஒரு பெயரைக் காட்டியவுடன் அப்படியே ஈபேர்டில் எழுதிவிடாமல், பறவையைக் கண்ணால் பார்த்தோ குரலை நாமே உறுதிசெய்தோ எழுதுவதுதான் முறை.

புதிதாகத் தொடங்க விரும்புகிறவர்களுக்குப் பொங்கல் விடுமுறை நல்ல வாய்ப்பு. 2015 முதல் ஆண்டுதோறும் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு ஈபேர்ட் வழியாக நடந்து வருகிறது. சொந்த ஊருக்குப் போயிருக்கும் அந்த நாட்களில் வயல்வரப்பு, கோயில் குளம், கொல்லைப்புறம் என எங்கு நின்றும் குறைந்தது 15 நிமிடம் பார்த்து ஒரு முழுப் பட்டியல் எழுதினால் போதும். பெரிய சரணாலயங்களிலிருந்து ஏற்கெனவே ஏராளமான பட்டியல்கள் வந்துவிடுகின்றன. எவரும் பட்டியல் எழுதாத கிராமத்துக் கண்மாயிலிருந்து வரும் முதல் பட்டியல், அதில் பத்தே பறவைகள் இருந்தாலும், வரைபடத்தில் அதுவரை வெறுமையாக இருந்த ஒரு சதுரத்தை நிரப்புகிறது. செயலியை நிறுவி, பகுதிக்கான தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொண்டு, போகிக்கு முன்பே ஓரிரு பட்டியல்கள் எழுதிப் பழகிவிட்டால் கணக்கெடுப்பு நாட்களில் கைப்பேசியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.