அப்பாவின் எம்.சி.ஆர் செருப்பு: எட்டு மாதம் போட்டுப் பார்த்த பிறகு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 11 வருஷமாகத் தையல் பிரிவில் இருக்கிறேன். தோலைத் தடவினாலே தரம் சொல்லிவிடுவேன். ஆனாலும் அப்பாவுக்கு எந்தச் செருப்பு சரி என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு 20 வருஷமாகச் சுகர். இரண்டு பாதமும் மரத்துப்போய்விட்டது. ஒருநாள் பால் வாங்கப் போனவர், ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். இன்னொன்று எங்கே கழன்றது என்றே அவருக்குத் தெரியவில்லை. வாசல்படியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் காலைத் தூக்கிப் பார்த்தோம். கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது.

அது கடையில் சுகர்காரர்களுக்கென்று சொல்லி விற்ற செருப்பு. பின்னால் வார் கிடையாது. மிச்சமிருந்த ஒற்றையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வரிசையாகச் சின்ன ஆணிகள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

புண் ஆறியதும், மரத்த காலுக்கென்று செய்யும் எம்.சி.ஆர் செருப்பு வாங்கக் கரிகிரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். காட்பாடி பக்கம், தொழுநோயாளிகளுக்காக 1955-ல் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவமனை. அப்பா மறுத்துவிட்டார். "அது பெருநோய்க்காரங்க போடற செருப்பும்மா. தெருவுல என்ன நினைப்பாங்க?" என்றார். இரண்டு வாரம் கெஞ்சி அழைத்துப்போனேன்.

செருப்புப் பிரிவில் இருந்தவர் தரையில் உட்கார்ந்து, அப்பாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். அப்பா கூச்சத்தில் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். "இருக்கட்டும் ஐயா" என்று சொல்லிவிட்டு, கட்டைவிரலால் உள்ளங்காலை அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பார்த்தார். அப்புறம் மை தடவிய விரிப்பின்மேல் மிதிக்கச் சொன்னார். தாளில் பாதம் பதிந்தது. பெருவிரலின் அடியில் மட்டும் கறுப்பு அடர்ந்திருந்தது. பாரம் அங்கேதான் விழுகிறதாம். கண்ணாடி ஏறிய இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த புண் காத்திருந்தது.

இனி செருப்பைப் பற்றி. எம்.சி.ஆர் என்பது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழும், எடுத்ததும் எழும்பும். பஞ்சு மாதிரி அப்படியே படுத்துவிடாது. அடியில் கெட்டியான ரப்பர், முள்ளும் சில்லும் ஏறாமலிருக்க. பின்னால் வார் உண்டு, அதனால் கழன்று விழுந்தது தெரியாமல் நடக்க வழியில்லை. ஆணி ஒன்றுகூட இல்லை, ஒட்டியும் தைத்தும்தான் செய்கிறார்கள். ஆணி அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு அது தெரியும். வலி தெரியாத ஒரு காலை நினைத்து அதைத் தவிர்த்திருக்கிறார்கள். இரக்கம் என்ற வார்த்தையை ஞாயிறுதோறும் சபையில் கேட்டு வளர்ந்தவள் நான். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதற்கெல்லாம் பின்னால் பால் பிராண்ட் என்ற டாக்டர் இருக்கிறார். மிஷனரிகளின் மகன், 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி உதிர்கின்றன என்று எல்லோரும் நம்பிய காலம் அது. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால்தான் காயத்தின்மேல் காயம் பட்டு விரல்கள் போகின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையில் நிமிர்த்தினார். ஆனால் ஆறிய கால், வெறுங்காலோடு நடந்தால் திரும்பவும் புண்ணாகும். அதனால் ஒரு சர்ஜன் செருப்பைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டார். தொழுநோய்க்காரர்களுக்காகப் பட்ட அந்தப் பாடுதான் இன்று என் அப்பாவின் சுகர் காலைக் காப்பாற்றுகிறது. நான் அவருக்கு மிகவும் கடன்பட்டிருக்கிறேன்.

எட்டு மாதமாகப் புதுப் புண் இல்லை. வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்கிறார். ரப்பர் நாளடைவில் அமுங்கத்தான் செய்யும், அதனால் மாதம் ஒருமுறை பெருவிரல் படும் இடத்தை அழுத்திப் பார்க்கிறேன். எழும்பாத நாளில் அடுத்த ஜோடி.

வாங்க நினைப்பவர்கள் அளவை எழுதிக்கொண்டு போகாதீர்கள், ஆளையே கூட்டிப்போங்கள். போட்டுத் தேய்ந்த பழைய செருப்பையும் எடுத்துப்போங்கள். அதிலுள்ள தேய்மானம் நிறையச் சொல்லும். அப்புறம், போடும் முன் செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். போன வாரம் அப்பா அப்படித் தடவியபோது, பேரன் உள்ளே போட்டிருந்த கோலி ஒன்று கையில் வந்தது.