ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சர்வீஸ்: கம்பெனியிலா, ஸ்பெஷலிஸ்டிடமா, வழக்கமான மெக்கானிக்கிடமா?

வாரன்டி ஓடிக்கொண்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், கம்பெனி சர்வீஸ்தான். வெளியே கை வைத்த பாக்ஸில் நாளைக்கு ஏதாவது ஆனால் வாதாட வேண்டியது நீங்கள். வாரன்டி முடிந்து, ஓடோமீட்டர் எழுபது எண்பதாயிரத்தைத் தாண்டும்போதுதான் இந்தக் கேள்வி வருகிறது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் விசையை ஆயில் வழியே கியருக்குக் கடத்தும் பாகம்) உள்ள கியர்பாக்ஸ் என்றால், ஆட்டோமேட்டிக் வேலை மட்டுமே பார்க்கும் ஸ்பெஷலிஸ்ட். அதிலும் ஆயில் அளவை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை அழுத்தவும் கியரைத் தள்ளவும் மேலே ஒரு ஆக்சுவேட்டர் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. கியர் ஆயிலை நல்ல மெக்கானிக் யாரும் மாற்றலாம். கிளட்ச் மாற்றினால் மட்டும் ஸ்கேனர் போட்டு கிளட்ச் லேர்னிங் (புது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பது) செய்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனி சர்வீஸில் சரியான ஆயில் வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. டொயோட்டாவின் டபிள்யூஎஸ் என்ற ஆயிலைக் கேட்கும் பாக்ஸில் டபிள்யூஎஸ்தான் விழும். சாஃப்ட்வேர் அப்டேட் இருந்தால் போடுவார்கள், விற்கும்போது சர்வீஸ் ஹிஸ்டரியில் ஒரு வரி கூடும். தொல்லை என்னவென்றால், "இதில் லைஃப்டைம் ஆயில் சார், மாற்ற வேண்டியதே இல்லை" என்று பல இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் கம்பெனி தன்னுடைய ஆட்டோமேட்டிக் பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டுக்குள், ஆயில் மாற்றச் சொல்கிறது. அதே பாக்ஸைப் போட்டு விற்கும் கார் கம்பெனியின் அட்டவணையில் அந்த வரி இல்லாமல் போவதுண்டு. பாக்ஸைச் செய்தவன் சொல்வதையா, காரை விற்றவன் சொல்வதையா கேட்பது என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

வற்புறுத்தினால் மாற்றித் தருவார்கள். ஆனால் பெரும்பாலும் அது வெறும் டிரெயின் அண்ட் ஃபில், அதாவது பிளக் வழியே இறங்குவதை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றுவது. மொத்தம் 8.5 லிட்டர் பிடிக்கும் பாக்ஸில் பிளக்கைக் கழற்றினால் 4 லிட்டருக்குப் பக்கத்தில்தான் இறங்கும். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் நிற்கும். ஒரு தடவைக்கு 45 சதவீதம் மாறுகிறது என்று வைத்தால், இரண்டாம் தடவையில் புது ஆயில் 70 சதவீதத்தைத் தொடும், மூன்றாவதில் 83. ஒரே ஒரு தடவை செய்துவிட்டு முழுசாக மாற்றியதாக நினைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்யும் கடைகள் இதற்கு நேர் எதிர். கூலர் லைனில் இணைத்து, பாக்ஸின் சொந்தப் பம்ப் பழையதை வெளியே தள்ளத் தள்ளப் புதியதை உள்ளே விடுவார்கள். கிட்டத்தட்ட எல்லா ஆயிலும் மாறிவிடும். மெஷினால் பாக்ஸ் போய்விடும் என்ற பயம் மிகை. ஆனால் பேனை (பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) திறக்காமல் ஃப்ளஷ் மட்டும் செய்தால் ஃபில்டர் பழையதே, உள்ளே இரும்புத் தூளைப் பிடிக்கும் காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதை யாரும் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே கியர் வழுக்கும் வண்டியில் இப்படிச் செய்து, அடுத்த மாதம் பாக்ஸ் நின்றுபோனால் பழி ஃப்ளஷ் மேல் விழும். உண்மையில் கிளட்ச் பிளேட் முன்பே தேய்ந்திருக்கும். வழுக்கும் பாக்ஸை ஆயில் மாற்றிக் குணப்படுத்த முடியாது.

இப்போது அளவு விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய பாக்ஸ்களில் பெரும்பாலும் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) கிடையாது. பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு பிளக், அதன் வாய்க்கு ஆயில் வந்து நின்றால் அளவு சரி. ஆனால் எந்தச் சூட்டில் என்பதுதான் கேள்வி. பல பாக்ஸ்களில் ஆயில் 35 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி மட்டமாக நிற்க, பார்க்க வேண்டும். சூடானால் ஆயில் விரியும். 80 டிகிரியில் பிளக்கைத் திறந்து, வழிந்து நின்றதும் மூடினால், 8.5 லிட்டர் பாக்ஸில் சுமார் கால் லிட்டர் குறைவாக நிற்கும். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் மோசம்: மேலே சுற்றிக்கொண்டிருந்த ஆயில் பேனுக்கு இறங்கி மட்டம் பொய்யாக ஏறும், லிட்டர் கணக்கில் வெளியே கொட்டிவிடும். அதற்காக எல்லா பாக்ஸுக்கும் எஞ்சின் ஓட வேண்டும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். டிப்ஸ்டிக் உள்ள பல ஹோண்டா பாக்ஸ்களில் சூடாக்கி, எஞ்சினை அணைத்த கையோடு பார்ப்பதுதான் முறை. அந்தந்த பாக்ஸின் மேனுவல் வேண்டும் என்பது இதனால்தான்.

ஆயில் குறைந்தால் திருப்பத்தில் பம்ப் காற்றை இழுக்கும், காலையில் ரிவர்ஸ் போட்டால் ஒரு நொடி தயங்கும், கிளட்ச்சுக்குப் போகும் அழுத்தம் குறைந்து பிளேட் எரியும். கூடினால் சுழலும் கியர்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். வென்ட் என்ற காற்றுத் துளை வழியே கசியும். இரண்டும் அன்றைக்கே தெரியாது. ஆறு மாதம் கழித்து "இந்த மாடலே இப்படித்தான்" என்று யாரோ சொல்வார்கள்.

இதனால் நான் ஒரு இடத்தை எடைபோடுவது ஒரே கேள்வியில்: "லெவலை எப்படிப் பார்ப்பீர்கள்?" ஸ்கேனரில் ஆயில் சூட்டைப் பார்த்தபடி, பிரேக்கை அழுத்திக்கொண்டு பி, ஆர், என், டி என ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்தி, பிளக்கைத் திறந்து, ஒழுக்கு கம்பியாக வருவது சொட்டாக மாறும்போது மூடுவோம் என்று பதில் வந்தால் வண்டியை விடலாம். "எவ்வளவு இறங்குச்சோ அவ்வளவு ஊத்திடுவோம்" என்றால், ஏற்கெனவே கசிந்து குறைந்திருந்த பாக்ஸில் அந்தக் குறை அப்படியே இருக்கும். ஓட்டி வந்த வண்டியை உடனே லிஃப்டில் ஏற்றி, நின்ற நிற்பில் அரை மணியில் முடித்துத் தருகிறோம் என்பவரிடமும் எச்சரிக்கை தேவை. 80 டிகிரியில் வந்த பாக்ஸ் 40க்கு இறங்கச் சில மணி நேரமாவது ஆகும். நல்ல ஸ்பெஷலிஸ்ட் முந்தைய நாளே வண்டியை விடச் சொல்வார்.

ஸ்பெஷலிஸ்ட் பக்கம் நான் சாய்வதற்கு இன்னொரு காரணம் பேன். கழற்றினால் காந்தங்களைப் பார்க்கலாம். சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி மெல்லிய பூச்சு இருந்தால் சாதாரணத் தேய்மானம். ஊசி ஊசியான இரும்புத் துணுக்கு, பேனின் அடியில் பித்தளை நிறத் தூள், கறுப்பாகக் கிளட்ச் பொடி, இவை வந்தால் ஆயில் ஊற்றுவதற்கு முன்பே பேச வேண்டியிருக்கிறது. இசட்எஃப்பின் பிளாஸ்டிக் பேன்களில் ஃபில்டர் பேனோடு சேர்ந்தே வரும், மொத்தமாக மாற்ற வேண்டும்; போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர்தான், ஏர் கன் வைத்து இறுக்கினால் பேன் வளைந்து கசியும். அதே கம்பெனியின் 6எச்பி வகையில் மெகட்ரானிக் (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் தொகுதி) கனெக்டர் ஸ்லீவும் கசியக் கூடியது, பேன் திறந்திருக்கும்போதே அதையும் பார்த்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: ஓவர்ஹாலில் பிழைக்கும் ஷெட்டில் சாம்பல் பூச்சையே காட்டிப் பயமுறுத்துவார்கள். "கழுவ வேண்டாம், வந்து பார்க்கிறேன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். பேரலிலிருந்து ஊற்றும் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' ஆயிலுக்கும் சம்மதிக்காதீர்கள். சீல் உடைக்காத கேன், அதில் உங்கள் பாக்ஸுக்கான ஸ்பெக் எழுதியிருக்க வேண்டும்.

வழக்கமான மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். டிப்ஸ்டிக் உள்ள பழைய பாக்ஸில் அவர் தாராளமாகச் செய்யலாம். டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன் ஃபில் பிளக் கழல்கிறதா என்று பார்ப்பவராக இருந்தால் போதும். ஆயிலை இறக்கிய பிறகு ஃபில் பிளக்கின் மண்டை வழுக்கினால் வண்டி லிஃப்டிலேயே நிற்கும். ஃபோக்ஸ்வாகனின் ஆறு கியர் வெட் கிளட்ச் டிஎஸ்ஜியில் (ஆயிலில் நனையும் இரட்டை கிளட்ச் பாக்ஸ்) பிளக்கைக் கழற்றினால் கொஞ்சம்தான் வரும். உள்ளே இருக்கும் ஓவர்ஃப்ளோ குழாயை 8 மி.மீ. ஆலன் கீயால் கழற்றினால்தான் மீதி இறங்கும், லெவல் பார்ப்பதற்கு முன் அதைத் திரும்ப மாட்ட வேண்டும். இது தெரியாதவர் ஆயிலே கெட்டியாகிவிட்டது என்பார். அந்த பாக்ஸுக்கு 60,000 கி.மீ.க்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும்.

சிவிடியில் (தனித்தனி கியர்கள் இல்லாமல் பெல்ட்டும் புல்லியும் வைத்து ஓடும் பாக்ஸ்) என் சாய்வு கொஞ்சம் மாறும். அங்கே ஸ்டீல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையிலான பிடியே ஆயிலின் குணத்தில் இருக்கிறது. தவறான ஆயில் ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் புல்லியில் கோடு விழும். நிசான் சிவிடிகளில் ஆயில் சிதைவைக் கணக்கிடும் கவுன்ட்டரையும் ஸ்கேனரில் அழிக்க வேண்டும். இதைச் செய்யும் கருவி உள்ள ஸ்பெஷலிஸ்ட் கிடைக்காவிட்டால் கம்பெனிக்கே போங்கள். டிரை கிளட்ச் டிசிடியில் (ஆயிலில் நனையாத இரட்டை கிளட்ச் பாக்ஸ்) எனக்கு அனுபவம் மெலிது; அங்கேயும் கம்பெனி பக்கம்தான் நிற்பேன்.

எங்கே செய்தாலும் பில்லில் ஆயிலின் ஸ்பெக், எத்தனை லிட்டர் உள்ளே போனது, ஃபில்டர் மாற்றியதா, லெவல் பார்த்தபோது சூடு எத்தனை டிகிரி, அடாப்டேஷன் ரீசெட் (பாக்ஸ் கற்றுவைத்திருக்கும் கியர் மாற்றும் பழக்கத்தை அழிப்பது) செய்ததா என்று எழுதி வாங்குங்கள். ரீசெட் செய்திருந்தால் முதல் சில நாட்கள் கியர் மாற்றம் கொஞ்சம் முரடாக இருக்கும், பாக்ஸ் திரும்பக் கற்றுக்கொள்கிறது. ஒரு வாரத்துக்குப் பிறகும் ஜெர்க் குறையவில்லை, அல்லது பேன் விளிம்பில் ஈரம் தெரிகிறது என்றால், மறுபடி லெவல் பார்க்க வண்டியைக் குளிர்ந்த நிலையில் விடுங்கள்.